பள்ளத்தில் தேங்கும் குளிர்

நீலகிரியில் உறைபனி ஊர் முழுக்க ஒரே மாதிரி விழுவதில்லை. கேத்தி பாலாடாவில் ஓடையை ஒட்டிய பாத்திகள் உப்பைக் கொட்டிப் பரப்பியதுபோல் வெளுத்துக் கிடக்கும் காலையில், சரிவில் கொஞ்சம் மேலே இருக்கும் பாத்தியில் வெறும் நீர்ப்பனிதான் நிற்கும். தோட்டக்கூலிக்குப் போகிற பெண்களுக்கு இது மனப்பாடம். எந்தத் தோட்டத்தில் முதலில் பனி அடிக்கும், எது கடைசிவரை தப்பிக்கும் என்று வரிசையாகச் சொல்வார்கள். என் அம்மா அப்படிச் சொல்லக்கூடியவள். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். பாடப்புத்தகத்தில் இந்த மலைக்கு ஒதுக்கியிருந்த இரண்டு பத்திகளை நடத்தும்போதெல்லாம், அவள் சொன்ன அந்த வரிசைதான் நினைவுக்கு வரும்.

காரணம் எளியது. மேகமில்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் இரவில் மண்ணும் இலையும் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்கே விட்டுவிடுகின்றன. அவற்றைத் தொட்டிருக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, சரிவு வழியாக மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. நாலடி உயரத்தில் வைத்த வெப்பமானி மூன்று டிகிரி காட்டும்போதே தரையோடு கிடக்கும் இலையில் பனி உறைந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் மேகம் மலையை மூடியிருக்கிறவரை பயமில்லை. மேகம் அந்தச் சூட்டைத் தரைக்குத் திருப்பிவிடும். மழை நடுவில் நின்று நாலு நாள் வானம் வெளுத்துவிட்டால்தான் ஆபத்து. மார்கழியில் வரவேண்டிய பனி, பயிர் முற்றுவதற்கு முன்பே கார்த்திகைத் தொடக்கத்தில் வந்துவிடும். அந்த முந்திய பனிதான் விவசாயியைக் கொல்லும். தையில் விழும் பனிக்கு எல்லாரும் தயாராக இருப்பார்கள்.

நீலகிரியின் காய்கறி வரலாற்றைக் கலெக்டர்கள், கவர்னர்கள் பெயரை வைத்தே எழுதிவந்திருக்கிறார்கள். எனக்கு அது, பயிர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி வந்த வரலாறாகத்தான் தெரிகிறது. குளிர் தேங்கும் இடம் என்று மனிதர்கள் ஒதுக்கி வைத்திருந்த நிலத்துக்குச் சந்தை பயிரைக் கொண்டுபோய் இறக்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பனியிலிருந்து அந்தப் பயிரைக் காக்க இரவில் விழித்திருக்கும் வேலை யாரோ ஒருவர் தலையில் விழுந்தது.

பழைய ஏற்பாடு எப்படி இருந்தது என்று பார்த்தால் இது விளங்கும். படகர்களின் ஹட்டிகள், அதாவது ஊர்கள், குன்றின் சரிவிலும் மேட்டிலும் அமைந்தவை. ஊரைச் சுற்றிய சரிவுகளில் ராகி, சாமை, கொறளி, கோதுமை, பார்லி, கீரை விளைந்தன. அவர்களுடைய பழைய ஊர்கள் பலவும் மலையின் கிழக்குப் பக்கத்தில், உயரமும் குளிரும் குறைந்த இடத்தில் இருந்தன. மேற்கே உயர்ந்த புல்வெளிகள் தோடர்களின் எருமைகளுக்கு. பள்ளத்தில் ஓடையோரமாகக் கிடந்த சதுப்பு நிலமும் மேய்ச்சலுக்குத்தான். அதை யாரும் கொத்திப் பாத்தி கட்டவில்லை.

மரங்களும் இதே கணக்கைப் பின்பற்றியதாக ஒரு வாதம் உண்டு. 1938இல் சி. ஆர். ரங்கநாதன் என்ற வனத்துறை அதிகாரி, நீலகிரியில் சோலைக்காடு மடிப்புகளுக்குள் ஒடுங்கி நிற்பதற்கும் வெட்டவெளி புல்லாகவே இருப்பதற்கும் உறைபனிதான் காரணம் என்று எழுதினார். சோலை மரத்தின் விதை வெளியில் விழுந்து முளைத்தாலும், நாற்று பனியில் கருகிவிடும் என்பது அவர் வாதம். மனிதர் வைத்த தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்று வேறு சிலர் சொன்னார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் காட்டுப்பூவரசு மட்டும் பனியையும் தீயையும் தாங்கிப் புல்வெளி நடுவில் தனியாகச் சிவப்புப் பூ பூத்து நிற்கிறது. அதைப் பார்க்கும்போது ரங்கநாதன் பக்கம் எனக்கு மனம் சாய்கிறது. இந்த மலையில் எது எங்கே வளரலாம் என்பதை மனிதன் வருமுன்பே பனி ஓரளவு தீர்மானித்துவிட்டது.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறி வந்தார். முதலில் கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் வீடு கட்டினார். பிறகு உதகையில் கல் பங்களா. உருளைக்கிழங்கு, கோஸ் முதலான சீமைக் காய்கறிகளை இங்கே வேரூன்ற வைத்ததில் அவர் பங்கு பெரிது. விதையைப் படகர்களுக்கும் கொடுத்தார். குளிர்தான் வெள்ளைக்காரர்களை இங்கே இழுத்தது. சொந்த ஊர்க் காய் விளையும் குளிர் என்பதே இந்த மலையின் பெருமையானது. 1845 வாக்கில் ஊட்டியில் குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் ஒன்று தொடங்கினார்கள். அது நிலைக்கவில்லை. 1848இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் அதைத் தாவரவியல் தோட்டமாக மாற்றினார். அவர் கைக்கு வந்தபோது இடத்தின் மேல்பகுதி காடு, கீழ்ப்பகுதி சதுப்பு. இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து படம் எடுக்கும் புல்தரை இருப்பது அந்தக் கீழ்ப்பகுதியில்தான். குளிர்காலத்தில் விடிகாலையில் போனால் அந்தப் புல் முழுக்க வெள்ளையாக இருக்கும். பழைய சதுப்பின் குளிர் இன்னும் அங்கேயேதான் தேங்குகிறது.

அந்தப் பூங்காவில் மென்மையான அலங்காரச் செடிகளைக் காப்பாற்ற ஒரு வழக்கம் உண்டு. கோத்தகிரி மிலார் என்று சொல்லும் செடியின் கிளைகளை வெட்டிக் கொண்டுவந்து, பாத்தியைச் சுற்றியும் மேலேயும் குத்திவைத்து, செடி வெளியே தெரியாதபடி கூடாரம் ஆக்கிவிடுவார்கள். காலையில் பூவாளியால் தண்ணீர் தெளிப்பார்கள். பார்க்கச் சாதாரண வேலை. ஆனால் இலைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு வந்துவிட்டால் போதும், இலையின் சூடு மறைப்பிலேயே முட்டித் திரும்பும். மறைப்பு எவ்வளவு தடிமன் என்பதைவிட அது செடியைத் தொடாமல் மேலே நிற்பதுதான் முக்கியம். தொட்டால் தொட்ட இடம் கருகும்.

பயிர் பள்ளத்துக்கு இறங்கியது உருளைக்கிழங்கோடுதான். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் ரயில் வந்தது. கிழங்கு மூட்டை சமவெளிக்குப் போக வழி பிறந்தது. மேட்டுப்பாளையம் மண்டிகள் பெருத்தன. இடைத்தரகரின் பிடியிலிருந்து விவசாயியை மீட்க 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவானது. அதை முன்னின்று நடத்தியவர் படகர் தலைவரான ஹெச். பி. ஆரி கவுடர். விலை கிடைக்கும் என்றதும் வருடத்துக்கு ஒரு விளைச்சல் போதவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் நடுவது கார்போகம். அதுதான் பெரிய போகம். ஆகஸ்டு, செப்டம்பரில் நடுவது கடைபோகம். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் பாய்ச்சி நடுவது நீர்போகம். நீர்போகத்துக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இருப்பது ஓடையோரம். அப்படித்தான் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டிப் பாத்தி கட்டினார்கள். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா, நஞ்சநாடு, கப்பத்தொரை என்று இன்றைக்குக் காய்கறிக்குப் பேர்போன பள்ளங்களில் நல்ல கருமண்ணும் உண்டு, கொடும்பனியும் உண்டு.

மூன்று போகங்களில் பனியின் வாயில் போய் நிற்பது கடைபோகம். நீர்போகத்துக்கு ஒரு வசதி உண்டு. தையில் கிழங்கை மண்ணுக்குள் வைத்தால் முளை தலைநீட்ட மூன்று, நான்கு வாரம் ஆகும். அதற்குள் பனியின் கடுமை தணியத் தொடங்கும். கடைபோகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆவணியில் நட்ட செடி, கிழங்கு பருக்கும் நேரத்தில் கார்த்திகைப் பனியைப் பார்க்கும்.

என் பெற்றோர் இந்தப் பள்ளத்துக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். அம்மா நுவரெலியாவில் கொழுந்து எடுத்தவள். அதுவும் ஊட்டிக்கு இளைய சகோதரி மாதிரியான ஊர்தான். மெக்ஐவர் ஊட்டிக்கு வந்த அதே 1848இல் சாமுவேல் பேக்கர் அங்கே போய் ஆங்கிலேயப் பண்ணை ஒன்றை அமைக்க முயன்றார். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். வருடத் தொடக்கத்தில் துகள் பனி விழும். தேயிலைக் கொழுந்து கருகும். ஆகவே அம்மாவுக்குப் பனி புதிதல்ல. ஆனால் ஊட்டியின் உயரம் 2,200 மீட்டருக்கு மேல். இங்கே பனி கார்த்திகையிலேயே வந்ததைப் பார்த்து முதல் வருடம் பயந்துவிட்டாள் என்று அப்பா சொல்வார்.

நான் பார்த்த கடைபோகம் இதுதான். சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் தோட்டக்காரக் கவுடர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மேற்கே சிவப்பு மறைந்து, காற்று விழுந்து, புகை நேராக மேலே போனால் முகம் மாறும்.

"ஏம்மா, நாளைக்கு பீன்ஸ் பூராவும் எடுத்துடலாமா?" என்று அம்மாவைக் கேட்பார்.

"எடுத்துடுவோம் கவுடரே. பிஞ்சையும் சேர்த்தே எடுக்கணும். விட்டா ஒண்ணும் தேறாது."

பீன்ஸ்தான் முதலில். அதற்கு ஒரே ஒரு இரவு போதும். காலையில் இலை வெந்த கீரையாகத் தொங்கும். அடுத்தது பட்டாணி. பட்டாணிச் செடி ஓரளவு தாங்கும். பூவும் பிஞ்சும் தாங்காது. ஆகவே காய்த்ததைப் பறித்துக்கொண்டு செடியை விட்டுவிடலாம். கோஸ், கேரட், பீட்ரூட், டர்னிப் அவசரப்படுத்தாது. கேரட்டுக்கும் கோஸுக்கும் லேசான பனி நல்லதே செய்யும். குளிரைத் தாங்க அவை சர்க்கரையைக் கூட்டிக்கொள்வதால் பனிக்காலக் கேரட் இனிக்கும். தழை கொஞ்சம் கறுத்தாலும் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும்.

உருளைக்கிழங்கு இரண்டுக்கும் நடுவில் தவிக்கிற பயிர். தழை பனியில் நிற்காது. கிழங்கோ இன்னும் முற்றியிருக்காது; தோல் விரலால் தேய்த்தாலே உரியும். பதறிப்போய் எல்லாவற்றையும் தோண்டினால் மூட்டையில் நசுங்கி அழுகும், மண்டியில் பாதி விலைக்குக் கேட்பார்கள். பனி தழையைக் கருக்கிய பிறகும் பத்துப் பதினைந்து நாள் பொறுத்துத் தோண்டினால்தான் தோல் இறுகும். அதுவரை கிழங்கைக் காப்பது மேலே இருக்கும் மண். அதனால் ஐப்பசியிலேயே மண் அணைக்கிற வேலை முடிந்திருக்க வேண்டும். மண் விலகி ஒரு கிழங்கு வெளியே தெரிந்தாலும் அதில் பனி ஏறும். வெட்டினால் உள்ளே கறுத்திருக்கும், மூட்டையில் பக்கத்துக் கிழங்கையும் கெடுக்கும். பனி வரும் என்று தெரிந்த நாளில் பெண்கள் கொத்தோடு வரிசை வரிசையாகக் குனிந்து, தெரிகிற கிழங்கை எல்லாம் மண்ணால் மூடிக்கொண்டே போவார்கள். நான் பார்த்த பனிக்காப்பு வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. இதைப் பற்றி யாரும் எழுதியதாகவும் தெரியவில்லை.

நாற்றங்காலுக்கும் விதைக்காக வைத்த பாத்திக்கும் மறைப்புப் போடுவார்கள். இங்கே வைக்கோலுக்கு வழியில்லை. மலையில் நெல் ஏது? காய்ந்த புல், பெரணி, கற்பூர மரத் தழை, சீகை மிலாறு, பழைய சாக்கு. குச்சி நட்டு அதன்மேல் பரப்ப வேண்டும். வரிசைக்கு நடுவே தரையில் பரப்பிவிட்டால் கெடுதல்தான், ஏனென்றால் பகலில் வெயில் மண்ணுக்குள் இறங்காது, இரவில் மண்ணின் சூடு இலைக்கு வராது. இதே காரணத்தால் பனி வரும் வாரத்தில் களை கொத்திப் புழுதியாக்க மாட்டார்கள். மாலையில் தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாக வைப்பார்கள். ஈரமண் பகலில் அதிகச் சூட்டை வாங்கி இரவில் மெதுவாக விடும்.

சிலர் ஈரத்தழையைக் குவித்துப் புகை போட்டார்கள். விடியவிடியக் கண் எரிய உட்கார்ந்திருப்பார்கள். புகையால் அவ்வளவு பயனில்லை என்றுதான் சொல்வேன். புகையின் துகள் மிக நுண்ணியது. மண்ணிலிருந்து எழும் சூட்டை அது மறிப்பதில்லை. எரிகிற நெருப்பின் சூடு பக்கத்துப் பாத்திக்கு உதவும், அவ்வளவுதான். இருந்தாலும் அந்தப் புகை போட்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. வருடக் கடன் முழுக்க அந்தப் பாத்தியில் இருக்கும்போது யாரும் வீட்டுக்குள் போர்த்திப் படுத்திருக்க முடியாது.

உருளைக்கிழங்கின் ஆட்சி முடிந்ததற்குப் பனி காரணமில்லை. 1961இல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் ஊட்டியில் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார். வேரில் ஒட்டிக்கொண்டு விளைச்சலை உறிஞ்சும் புழு. மண்ணில் பல வருடம் செத்துப்போகாமல் கிடக்கும். விதைக்கிழங்கு மலையைவிட்டு வெளியே போகத் தடை வந்தது. 1957இலிருந்தே முத்தோரையில் இயங்கிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்களைத் தேடியது. 1985இல் குஃப்ரி ஸ்வர்ணா வந்தது. அதற்குள் பலர் தேயிலைக்கு மாறிவிட்டார்கள். தேயிலைக்கும் பனி எதிரிதான். ஆனால் தேயிலை சரிவில் நிற்கும். நடுவே சில்வர் ஓக் மரங்கள் கூரையாக நிற்கும். கருகினாலும் செடி சாகாது, கவாத்து செய்தால் துளிர்க்கும். பனிக்காலத்தில் மெதுவாக வளரும் கொழுந்துக்குத் தனி மணம் உண்டு என்று உறைபனித் தேநீர் என்றே விற்கிறார்கள். பயிர் மறுபடி மேட்டுக்கு ஏறிய காலம் என்று அதைச் சொல்லலாம். ஏறாமல் பள்ளத்திலேயே தங்கிவிட்டது கேரட்.

இன்றைக்குப் பள்ளத்துப் பாத்திகளைக் காப்பது ஸ்பிரிங்க்ளர். விடியும் நேரத்தில் பாலாடாவில் நின்றால் எல்லாத் தோட்டத்திலும் தண்ணீர் சுழன்று விழும். வெயில் படுவதற்கு முன் இலையின்மேல் உறைந்த பனியைக் கழுவிவிடுவது பலரின் நோக்கம். உறைந்த இலை சட்டென்று வெயிலில் இளகும்போதுதான் அதிகம் சேதமாகிறது என்பது அவர்கள் கணக்கு. பனி விழும் முன்பே தொடங்கி இரவு முழுக்கத் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் இலையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவிடாது. ஆனால் நடுவில் மோட்டார் நின்றால் தண்ணீர் ஆவியாகத் தொடங்கும்; ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் அதைப்போல் ஏழு மடங்குக்கு மேல் வெப்பத்தை இலையிலிருந்தே பிடுங்கும். தெளிக்காமலே விட்டிருந்தால் தேவலை என்றாகிவிடும். தண்ணீரும் மின்சாரமும் உறுதியாக இல்லாதவர் இரவில் தெளிக்கத் தொடங்கக் கூடாது.

மேட்டுப்பாளையம் சந்தைக்குக் காலையில் சரக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் கேரட்டை நள்ளிரவு தாண்டியதும் பிடுங்கத் தொடங்குகிறார்கள். நெற்றியில் டார்ச் கட்டிய ஆட்கள் உறைந்த தழையைக் கையால் பிடித்து இழுக்கிறார்கள். பிறகு கழுவும் இயந்திரம், லாரி. யானை, காட்டெருமை, கரடிப் பயம் ஒரு பக்கம். விரல் மரத்துப்போவது ஒரு பக்கம். பயிரைப் பனியிலிருந்து காக்க இத்தனை அறிவைத் திரட்டிய இந்த மலை, பயிரை எடுக்கும் கைகளுக்கு ஒரு ஜோடி நல்ல ரப்பர் கையுறையைக்கூட வழக்கமாக்கவில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. அறுவடையைச் சில மணி நேரம் தள்ளிவைக்கச் சந்தை நேரத்தை மாற்றினால் போதும். மண்டிக்காரர்களும் விவசாயிகளும் உட்கார்ந்து பேசி முடிக்கக்கூடிய விஷயம் இது.

நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், சில வருடமாகப் பள்ளத்தில் பீன்ஸ் போடுவதை நிறுத்திவிட்டார். ஓடையோரப் பாத்திக்குக் கேரட்டும் கோஸும் மட்டும். பீன்ஸை மேல்படிக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும், செலவு அதிகம். ஆவணி பிறந்த முதல் வாரத்தில் விதைத்து, இரண்டு மாதத்தில் பறிக்கத் தொடங்கி, கார்த்திகை பிறக்கும்போது கடைசிப் பறிப்பையும் முடித்துவிடுகிறார். பனி முந்தினால்கூட அது முதலில் தொடுவது கீழே இருக்கும் கேரட் தழையைத்தான். போன கார்த்திகையில் மழை நின்று வானம் வெளுத்தபோது அவர் அன்றைக்கு ஆள் விட்டது பீன்ஸ் எடுக்க அல்ல, கேரட் வரிசையில் மண் அணைக்க.